நட்சத்திரம், இலை, மதிப்பெண்: சுற்றுலாத் தொழிலில் தரப்படுத்தல் வளர்ந்த கதை

சுற்றுலாத் தொழிலில் தரப்படுத்தல் என்பது ஒரு விடுதியையோ உணவகத்தையோ படகு வீட்டையோ முன்கூட்டியே வகுத்த அளவுகோலைக் கொண்டு சோதித்து, அந்தச் சோதனையின் முடிவை எளிய குறி ஒன்றால் பயணிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு. அந்தக் குறி நட்சத்திரமாக இருக்கலாம். இலையாகவும் வைரமாகவும் கொடியாகவும், ஐந்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போக நினைக்கும் ஒரு குடும்பம் கைபேசியில் பார்க்கும் மதிப்பெண்ணும், சென்னையில் ஒரு பெரிய விடுதியின் முகப்பில் பதித்த ஐந்து நட்சத்திரப் பலகையும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. ஆனால் அவற்றை வழங்குபவர்கள் வேறு, அளக்கும் பொருள் வேறு, அளப்பதன் நோக்கமும் வேறு.

பேச்சு வழக்கில் ஒன்றாகக் கலந்துவிடும் மூன்று செயல்களை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது பதிவு: யார், எங்கே, என்ன தொழில் நடத்துகிறார் என்பதை அரசு தெரிந்துகொள்வது. இரண்டாவது வகைப்பாடு: அந்த இடத்தில் உள்ள வசதிகளை எண்ணி அதை ஒரு பிரிவில் சேர்ப்பது. மூன்றாவது தரநிலை: அந்த வசதிகள் எவ்வளவு நன்றாக இயங்குகின்றன என்று மதிப்பிடுவது. உலகின் பெரும்பாலான திட்டங்கள் இரண்டாவதில் தொடங்கி மூன்றாவதை நோக்கி நகர்ந்தவை. முதலாவதைச் சரியாகச் செய்த நாடுகள் குறைவு.

வாங்கும் முன் பார்க்க முடியாத சரக்கு

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் மூட்டைகள் விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து வைக்கப்படுகின்றன. வியாபாரி ஒரு விரலியை எடுத்து முறித்து, உள்நிறத்தையும் காய்ந்த பதத்தையும் பார்த்த பிறகுதான் விலை கேட்கிறார். விடுதி அறை இப்படிப்பட்ட சரக்கு இல்லை. பயணி நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தபடி முன்பணம் கட்டுகிறார். அறையின் தரம் இரவு படுத்த பிறகுதான் தெரிகிறது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அந்த ஊருக்கு அவர் மறுபடி வரப்போவதும் அரிது என்பதால், அடுத்த முறை வாங்காமல் இருந்து விற்றவரைத் திருத்தும் வழக்கமான சந்தை வழியும் இங்கே வேலை செய்வதில்லை.

பொருளியல் அறிஞர்கள் இந்தச் சிக்கலை 1970களில் தெளிவாக்கினர். வாங்கும் முன்பே தேடிப் பார்த்து அறியக்கூடிய பொருள்கள், நுகர்ந்த பிறகே அறியக்கூடிய பொருள்கள் என்று ஃபிலிப் நெல்சன் 1970இல் பிரித்தார். 1973இல் டார்பியும் கார்னியும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தனர்: நுகர்ந்த பிறகும் வாங்கியவரால் சோதித்தறிய முடியாத, நம்பித்தான் ஏற்கவேண்டிய தன்மைகள். விடுதியில் இந்த மூன்றும் உண்டு. அறையின் பரப்பளவைப் படத்திலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஊழியரின் பணிவையும் இரவின் அமைதியையும் தங்கித்தான் அறிய முடியும். சமையலறைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்பது தங்கியவருக்கும் தெரியாது.

தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காமல், மோசமான சரக்கே நிலைத்துவிடும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பழைய கார் சந்தையை வைத்து எழுதப்பட்ட அந்த ஆய்வு பின்னாளில் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்தது. தரக்குறிகள் இந்த இடைவெளியை நிரப்ப வந்தவை. அவற்றின் வரலாறும் மேற்சொன்ன மூன்று தன்மைகளின் வரிசையிலேயே நடந்திருக்கிறது: முதலில் கண்ணுக்குத் தெரிவதை அளந்தார்கள், பிறகு அனுபவத்தை, கடைசியில் கண்ணுக்குத் தெரியாததை.

பயண நூல்களும் மோட்டார் சங்கங்களும்

பயணிக்குக் குறிகளால் வழிகாட்டும் வழக்கம் அரசுகளிடமிருந்து வரவில்லை. பயண நூல் எழுதியவர்களிடமிருந்து வந்தது. ஆங்கில எழுத்தாளர் மரியானா ஸ்டார்க் 1820இல் வெளியிட்ட ஐரோப்பியப் பயண நூலில், பார்க்கத்தக்க ஓவியங்களுக்கும் கட்டடங்களுக்கும் அவற்றின் சிறப்புக்கேற்ப வியப்புக்குறிகள் இட்டார். ஜெர்மானியப் பதிப்பாளர் கார்ல் பெடேக்கர் 1840களில் தம் கையேடுகளில் நட்சத்திரக் குறியைப் புகுத்தினார்.

மோட்டார் வாகனம் வந்ததும் தேவை பெருகியது. ரயில் பயணி நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதியில் தங்கினார். காரோட்டியோ முன்பின் தெரியாத ஊரில் மாலையில் வந்து நின்றார். பிரிட்டனின் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1912இல் விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. பிராந்திப் போத்தல்களில் தரத்தைக் காட்ட இட்டிருந்த நட்சத்திரங்களே அதற்கு முன்மாதிரி என்று சொல்லப்படுகிறது. பிரான்சில் டயர் நிறுவனமான மிஷெலின் 1900இல் காரோட்டிகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. சாலையில் வண்டிகள் அதிகம் ஓடினால் டயர் அதிகம் விற்கும் என்பது கணக்கு. அது 1926இல் சிறந்த உணவகங்களுக்கு ஒரு நட்சத்திரம் தரத் தொடங்கி, 1931இல் இரண்டு, மூன்று நட்சத்திரங்களையும் சேர்த்தது.

இந்த இரண்டு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இன்றுவரை தொடர்கிறது. மிஷெலின் சோதனையாளர் பெயர் சொல்லாமல் போய், பணம் கொடுத்துச் சாப்பிட்டு, தட்டில் வந்ததை மட்டும் மதிப்பிடுகிறார். அது ஒரு தேர்ந்த நாவின் தீர்ப்பு. விடுதி நட்சத்திரமோ பெரும்பாலும் பட்டியலை வைத்துச் சரிபார்க்கும் வேலையாக வளர்ந்தது. தீர்ப்பைக் குறித்துச் சண்டையிடலாம். பட்டியலைக் குறித்துச் சண்டையிடுவது கடினம். அரசுகள் தரப்படுத்தலைக் கையில் எடுத்தபோது பட்டியலைத் தேர்ந்துகொண்டதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்தியாவில்: சராய் சட்டத்திலிருந்து நட்சத்திரம் வரை

தமிழகத்துச் சாலைகளில் பயணிகளுக்கு நெடுங்காலம் இடம் கொடுத்தவை சத்திரங்கள். அரசர்களும் வணிகர்களும் அறமாக நடத்திய அவற்றில் வாடகையே இல்லாததால் தரத்துக்கும் விலைக்கும் உள்ள பொருத்தம் என்ற கேள்வி எழவில்லை. ஆங்கிலேய அரசு 1867இல் கொண்டுவந்த சராய் சட்டம், பயணிகள் தங்கும் இடங்களை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்யவும், தூய்மையாக வைத்திருக்கவும், தண்ணீருக்கும் காவலுக்கும் ஏற்பாடு செய்யவும் சொன்னது. எது நல்ல விடுதி என்று அந்தச் சட்டம் வரிசைப்படுத்தவில்லை. கேடு நேராதிருக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டது. மூன்று செயல்களில் முதலாவதான பதிவு இந்தியாவுக்கு இப்படி வந்தது.

வகைப்பாடு விடுதலைக்குப் பிறகே வந்தது. 1956இல் டெல்லியில் யுனெஸ்கோ பொது மாநாடு நடந்தது. வெளிநாட்டு விருந்தினரைத் தங்கவைக்க அசோகா ஹோட்டல் கட்டப்பட்டது. அந்நியச் செலாவணிக்குத் தவித்த அரசுக்குச் சுற்றுலா ஒரு வருவாய் வழியாகத் தெரிந்தது. மத்திய அரசு 1957இல் திவான் சமன் லால் தலைமையில் விடுதித் தரம், கட்டண அமைப்பு ஆகியவற்றை ஆராய ஒரு குழுவை அமைத்தது. 1958 மார்ச் 1 அன்று போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்ச் சுற்றுலாவுக்குத் தனித் துறை உருவானது. பன்னாட்டு வழக்கத்தை ஒட்டி நட்சத்திர முறையில் விடுதிகளைப் பிரிக்கும் ஏற்பாடு இந்தக் குழுவின் பணியிலிருந்து தொடங்கியது. தொடக்கத்திலேயே அது வெளிநாட்டுப் பயணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இன்று அந்தப் பணியைச் செய்வது மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் விடுதி, உணவக ஒப்புதல் மற்றும் வகைப்பாட்டுக் குழு. ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம், அதற்கும் மேலே ஐந்து நட்சத்திர டீலக்ஸ் என்று பிரிவுகள் உள்ளன. 1950க்கு முன் கட்டிய அரண்மனை, மாளிகை, வேட்டை மாளிகை போன்றவற்றுக்குப் பாரம்பரிய விடுதி என்ற தனி வரிசை உண்டு. அரசு அதிகாரிகளுடன் விடுதிச் சங்கங்கள், பயண முகவர் சங்கங்கள், விடுதி மேலாண்மைக் கல்லூரி ஆகியவற்றின் பிரதிநிதிகளும் சோதனைக் குழுவில் இடம்பெறுவார்கள். உயர் பிரிவுகளை மத்தியக் குழுவும், மூன்று நட்சத்திரம் வரையிலான பிரிவுகளை மாநில அளவிலான குழுவும் பார்க்கின்றன. ஒருமுறை தரும் தகுதி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

இந்த முறையின் இரண்டு அடிப்படை விதிகள் பின்னாளின் பல சிக்கல்களுக்கு வித்திட்டன. விண்ணப்பிப்பது விடுதி உரிமையாளரின் விருப்பம் என்பது ஒன்று. குறைந்தது பத்து வாடகை அறைகளாவது இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. விருப்பமில்லாதவரும் சிறியவரும் இதனால் கணக்குக்கு வெளியே நின்றனர்.

நட்சத்திரம் எதை அளக்கிறது?

சோதனைக் குழுவின் கையில் இருப்பது ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொரு பிரிவுக்கும் எந்த வசதி கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று அதில் குறித்திருக்கும். அறையின் பரப்பு, குளியலறையின் அளவு, மின்தூக்கி, உணவகம், வாகன நிறுத்தம், தீத்தடுப்பு, பயிற்சி பெற்ற ஊழியர்களின் விகிதம், மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளமும் அறையும் என்று அது விரியும். காலப்போக்கில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மழைநீர் சேகரிப்பு, கண்காணிப்புக் கேமரா ஆகியவையும் சேர்ந்தன. மது தொடர்பான விதியும் மாறியது. மூன்று, நான்கு, ஐந்து நட்சத்திரப் பிரிவுகளை மது வழங்குபவை, வழங்காதவை என இரண்டாகப் பிரித்ததால், மது விற்க விரும்பாத விடுதியும் உயர் பிரிவைக் கேட்க வழி பிறந்தது.

பட்டியலின் பலம் அதன் தெளிவு. சேலத்தில் மூன்று நட்சத்திரம் என்றாலும் சிலிகுரியில் மூன்று நட்சத்திரம் என்றாலும் சில வசதிகள் நிச்சயம் இருக்கும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கட்டடத்தை அளக்கலாம், உபசரிப்பை அளப்பது கடினம். கட்டியவுடன் பளபளத்த விடுதி நான்காம் ஆண்டில் பராமரிப்பின்றிக் கிடந்தாலும் பலகையில் நட்சத்திரம் குறையாது. பணத்தைக் கொட்டி வசதியைக் கூட்ட முடிந்தவர் மேலே ஏறுகிறார். சுத்தமான அறையும் அருமையான சாப்பாடும் தரும் எளிய லாட்ஜ், மின்தூக்கி இல்லாததால் கீழேயே நிற்கிறது.

தரக்குறி பயணிக்கு வழிகாட்டுவதற்கு அப்பால் அரசின் கருவியாகவும் ஆனது. வருமான வரிச் சட்டத்தின் 35ஏடி பிரிவு, 2010 ஏப்ரல் முதல் இயங்கத் தொடங்கும் இரண்டு நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள புதிய விடுதிகளின் முதலீட்டுக்கு வரிக் கழிவு தந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு வெளியே கட்டும் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகள் உள்கட்டமைப்புத் துறைப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, கடன் வசதிக்குத் தகுதி பெற்றன. தமிழ்நாட்டில் எஃப்.எல். 3 எனப்படும் மது உரிமம் நட்சத்திர விடுதிகளுக்கானது.

இதன் உச்ச நிலையைக் கேரளம் காட்டியது. அந்த மாநில அரசு 2014இல் ஐந்து நட்சத்திர விடுதிகள் தவிர மற்றவற்றின் பார்களை மூட முடிவு செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 டிசம்பரில் அரசின் கொள்கை செல்லும் என்று தீர்ப்பானது. அடுத்து வந்த அரசு 2017இல் மூன்று நட்சத்திரம் வரை வாசலைத் திறந்துவிட்டது. பயணிக்கு அறையின் தரத்தைச் சொல்ல வந்த குறி, யார் மது விற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் முத்திரையாக அங்கே மாறியது. உரிமத்துக்காக நட்சத்திரம் வாங்குபவருக்கும் தரத்துக்காக வாங்குபவருக்கும் உள்ள வேறுபாடு பலகையில் தெரிவதில்லை.

சரக்கு, சேவை வரி வேறு பாதையில் போனது. 2017 ஜூலையில் அது அமலானபோது அறை வாடகைக்கான வரி நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. ஆயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு, ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்ற வாடகை வரம்புகளைப் பார்த்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 விழுக்காடும் அதற்கு மேல் 18 விழுக்காடும் என்றாயிற்று. வாடகையை எந்த விடுதியிலும் சரிபார்க்க முடியும். நட்சத்திரத்தைக் கேட்டுப் பெற்றவர்களிடம் மட்டுமே பார்க்க முடியும். விருப்பத்தின் பேரில் நடக்கும் தரப்படுத்தலை வரிக்கு அடிப்படையாக்குவது கடினம் என்பதற்கு இது சான்று.

வசதியிலிருந்து தரத்துக்கு

வசதிகளை எண்ணுவது போதாது என்ற உணர்வு மற்ற நாடுகளிலும் எழுந்தது. இங்கிலாந்தின் சுற்றுலா வாரியம் 1987இல் கிரீடக் குறிகள் கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. கிரீடங்கள் வசதிகளின் எண்ணிக்கையைச் சொன்னன. படுக்கை வசதியாக இருந்ததா என்று சொல்லவில்லை. ஆட்டோமொபைல் அசோசியேஷனின் நட்சத்திரம் ஒரு பக்கம், வாரியத்தின் கிரீடம் மறுபக்கம் என்று பயணிகள் குழம்பினர். 1999இல் வாரியமும் மோட்டார் சங்கங்களும் ஒரு பொது முறைக்கு வந்தன: விடுதிகளுக்கு நட்சத்திரம், விருந்தினர் இல்லங்களுக்கு வைரம். தூய்மை, வரவேற்பு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு அதில் முன்னைவிடக் கூடுதல் இடம் கிடைத்தது. 2006க்குப் பிறகு எல்லாவற்றுக்கும் நட்சத்திரமே பொதுக்குறியானது.

ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு நட்சத்திரத்தின் பொருள் மாறியது இன்னொரு சிக்கல். 2009 டிசம்பரில் ஆஸ்திரியா, செக் குடியரசு, ஜெர்மனி, ஹங்கேரி, நெதர்லாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகளின் விடுதிச் சங்கங்கள் சேர்ந்து ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியனை உருவாக்கின. இருநூறுக்கும் மேற்பட்ட கூறுகளுக்குப் புள்ளி கொடுத்து, கூட்டுத்தொகையால் பிரிவைத் தீர்மானிக்கும் பொது அளவுகோலை அது வகுத்தது. அரசு தலையிடாமல் தொழில் சங்கங்களே நடத்துவது அதன் சிறப்பு. பிரான்ஸ் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி ஐந்தாம் நட்சத்திரத்தைச் சேர்த்தது. அங்கீகாரம் பெற்ற தனியார் சோதனை நிறுவனங்களிடம் ஆய்வை ஒப்படைத்தது. தகுதியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வைத்தது.

நியூசிலாந்து 1990களில் தொடங்கிய குவால்மார்க் திட்டம் விடுதியோடு நிற்கவில்லை. சாகச விளையாட்டு, வழிகாட்டிச் சேவை, போக்குவரத்து என்று சுற்றுலாவின் எல்லாத் தொழில்களையும் மதிப்பிடும் முறையாக அது வளர்ந்தது. தங்கும் இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், படகோட்டி பொறுப்பற்றவராக இருந்தால் பயணம் கெடும் என்ற எளிய உண்மை அதன் அடித்தளம்.

அளவுகோலின் மேல் எல்லை விளம்பரத்தில் நீண்டதும் உண்டு. 1999இல் துபாயில் திறந்த புர்ஜ் அல் அரபை ஊடகங்கள் ஏழு நட்சத்திர விடுதி என்று எழுதின. அப்படியொரு பிரிவை எந்த அதிகார அமைப்பும் வழங்குவதில்லை.

பத்து அறைகளுக்குக் கீழே

இந்தியப் பட்டியலின் பத்து அறை வரம்பு சிறு தங்குமிடங்களை வெளியே தள்ளியது. அந்தக் குறையை ஈடுசெய்ய மத்தியச் சுற்றுலா அமைச்சகம் 2006இல் இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமையாளர் குடும்பத்தோடு வாழும் வீட்டில் ஆறு அறைகள் வரை விருந்தினருக்குக் கொடுக்கலாம். இங்கே குறி நட்சத்திரம் இல்லை. தங்கம், வெள்ளி என்ற இரண்டே பிரிவுகள். 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடக்கவிருந்ததால் கூடுதல் அறைகள் தேவைப்பட்டதும் இதற்கு உந்துதல்.

கேரளம் இந்த வழியில் மேலும் போனது. வீட்டுத் தங்கல்களை வைரம், தங்கம், வெள்ளி எனப் பிரித்தது. ஆயுர்வேத நிலையங்களுக்குப் பச்சை இலை, ஆலிவ் இலை என்ற குறிகளையும், படகு வீடுகளுக்குத் தனி வகைப்பாட்டையும் வகுத்தது. தன் சுற்றுலாவின் அடையாளம் எதுவோ அதற்கென அளவுகோல் செய்தது அந்த மாநிலம். தமிழ்நாடு 2023இல் சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. வீட்டுத் தங்கல், கூடாரத் தங்கல், சாகசச் சுற்றுலா நடத்துவோர் சுற்றுலாத் துறையிடம் பதிவு பெறும் நடைமுறையும் இங்கே வந்திருக்கிறது.

கொரோனா காலம் மற்றொரு குறையை வெளிப்படுத்தியது. நாட்டில் மொத்தம் எத்தனை தங்குமிடங்கள் உள்ளன என்ற முழுப் பட்டியலே கையில் இல்லாமல் தொற்றுத் தடுப்பு விதிகளை யாருக்கு அனுப்புவது? நிதி என்ற தேசிய விருந்தோம்பல் தரவுத்தளமும், இந்தியத் தர மன்றத்துடன் இணைந்து 2020இல் தொடங்கிய சாத்தி என்ற சுய மதிப்பீட்டு ஏற்பாடும் இந்தச் சூழலில் முன்னுக்கு வந்தன. 1867இன் சராய் சட்டம் கேட்ட அதே கேள்விக்கு, அதாவது யார் எங்கே தொழில் நடத்துகிறார் என்பதற்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் பதில் தேட வேண்டியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாததை அளப்பது

சமையலறைத் தூய்மை, குடிநீர், கழிவு ஆகியவை பயணி நம்பி ஏற்பவை. இவற்றுக்கான குறிகள் கடைசியில் வந்தன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் நிறைவேறி, 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. சிறு கடைக்குப் பதிவும் பெரிய கடைக்கு உரிமமும் கட்டாயமாயின. அதன் மேல் விருப்ப அடிப்படையில் ஓர் அடுக்காக, உணவகங்களைத் தணிக்கை செய்து ஐந்து சிரித்த முகங்கள் வரை தரும் சுகாதார மதிப்பீடும் வந்தது. கட்டாயப் பதிவு கீழே, விருப்பத் தரநிலை மேலே என்ற இந்த அடுக்கமைப்பு விடுதிகளுக்கு இன்னும் இந்த அளவுக்குத் தெளிவாக அமையவில்லை.

கழிவு மேலாண்மைக்கென 2023இல் மத்தியக் குடிநீர், துப்புரவுத் துறையும் சுற்றுலா அமைச்சகமும் சேர்ந்து ஸ்வச்சதா பசுமை இலை மதிப்பீட்டைத் தொடங்கின. குப்பை, கழிப்பறைக் கசடு, பயன்படுத்திய நீர் ஆகியவற்றை விடுதி எப்படிக் கையாள்கிறது என்று பார்த்து ஓர் இலை, மூன்று இலை, ஐந்து இலை தரப்படுகிறது. மெத்தையின் மென்மையும் வரவேற்பறையின் பளிங்கும் இங்கே கணக்கில் வருவதில்லை.

ஓர் இடம் முழுவதையும் தரப்படுத்தும் முறையும் வளர்ந்தது. பிரான்சில் 1985இல் தொடங்கிய நீலக்கொடி கடற்கரைகளின் நீர்த்தரம், பாதுகாப்பு, தூய்மை ஆகியவற்றைச் சோதிக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் 2021இல் அதைப் பெற்றது. நீலக்கொடியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஐந்தாண்டு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் இது கடுமையான விதி. தரம் தேயக்கூடியது என்பதை ஒப்புக்கொண்ட விதியும்கூட.

விருந்தினர் போடும் மதிப்பெண்

2000இல் தொடங்கிய டிரிப்அட்வைசர் தளமும், முன்பதிவுத் தளங்களும், பின்னர் கூகுள் வரைபடமும் அளப்பவர் யார் என்பதையே மாற்றின. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் குழுவின் இடத்தை நேற்று தங்கிப்போன ஆயிரம் பேர் பிடித்தனர். அனுபவித்துத்தான் அறிய முடியும் என்றிருந்த தரம் அடுத்தவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. பத்து அறை இல்லாதவரும், விண்ணப்பம் போடாதவரும் இந்த அளவுகோலுக்குள் வந்தனர். சிறு தொழிலுக்கு இது பெரிய திறப்பு.

ஆனால் இந்த மதிப்பெண்ணைத் தணிக்கை செய்பவர் இல்லை. டிரிப்அட்வைசரில் உள்ள மதிப்புரைகள் அனைத்தும் உண்மையான பயணிகளுடையவை, நம்பத்தக்கவை என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2012இல் சொன்னது. 2017இல் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் லண்டனில் தம் தோட்டக் கொட்டகையை ஓர் உணவகமாக அந்தத் தளத்தில் பதிவு செய்தார். நண்பர்களைக் கொண்டு பொய் மதிப்புரைகள் எழுதவைத்தார். இல்லாத அந்த உணவகம் லண்டன் உணவகப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. மதிப்புரை எழுதியவரை உறுதிசெய்வது, காசு கொடுத்து எழுதவைப்பதைத் தடுப்பது, வந்ததை எப்படி வெளியிடுவது என்று அது வரையறுக்கிறது. வெளியானபோது அதைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

மதிப்புரைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. விருந்தினரால் எழுத முடிவது அவர் கண்டதையும் துய்த்ததையும் மட்டுமே. தீயணைப்புக் கருவி காலாவதியானதா, கழிவுநீர் ஓடையில் கலக்கிறதா என்பதற்கு ஆயிரம் பேரின் மதிப்பெண்ணும் பதில் சொல்லாது. அரசின் வகைப்பாட்டையும் விருந்தினர் மதிப்புரையையும் இணைப்பது பற்றி உலகச் சுற்றுலா அமைப்பு 2014இல் தனி அறிக்கை வெளியிட்டது. வசதியைச் சோதனையாளர் பார்க்கட்டும், சேவையை விருந்தினர் சொல்லட்டும் என்ற வேலைப் பங்கீடே அந்தச் சிந்தனையின் சாரம்.

நாமகிரிப்பேட்டை வட்டாரத்துக்கு எது பொருந்தும்?

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், போதமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் இருக்கும் பேரூராட்சி நாமகிரிப்பேட்டை. மஞ்சளும் மரவள்ளியும் விளையும் இந்த வட்டாரத்துக்குச் சுற்றுலா முதன்மைத் தொழில் இல்லை. ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் கொல்லிமலை அருகில் இருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் ஆண்டு முழுவதும் ஆட்கள் வருகிறார்கள். ஆடி மாத வல்வில் ஓரி விழாவில் கூட்டம் பெருகுகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் சேலம், நாமக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கத்துக் குடும்பங்களும் பைக்கில் வரும் இளைஞர்களும்தான். 1957இன் குழு மனத்தில் வைத்த வெளிநாட்டுப் பயணியை இங்கே காண்பது அரிது.

இங்கே உள்ள சுற்றுலாத் தொழில்கள் நட்சத்திரப் பட்டியலுக்குப் பொருந்தாதவை. சில அறைகள் கொண்ட லாட்ஜ், மலைமேல் வீட்டோடு ஒட்டிய தங்கல், வார இறுதியில் மட்டும் போடும் கூடாரம், சாலையோர மெஸ், வாடகை வேன் ஆகியவையே இங்கு அதிகம். இவற்றுக்கு மின்தூக்கியும் நீச்சல் குளமும் கேட்கும் அளவுகோலால் பயனில்லை. பயணிக்கு இங்கே உண்மையில் தேவைப்படும் உறுதிமொழிகள் வேறு: குடும்பத்தோடு தங்கத் தக்க இடமா, கழிப்பறையில் தண்ணீர் வருமா, இரவில் பெண்களுக்குப் பாதுகாப்பு உண்டா, வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் வேனை ஓட்டுபவர் பழகியவரா, அருவிக்கு இறங்கும் படிகளில் வயதானவர் ஏறி வர முடியுமா என்பவை. மலைக்கோ வேறொரு உறுதிமொழி வேண்டும்: குப்பையும் கழிவுநீரும் ஓடையில் சேராமை. தரத்தின் மூன்று தன்மைகளில் இங்கே அதிகம் கனப்பது மூன்றாவதான, நம்பி ஏற்கவேண்டிய தன்மைதான்.

எனவே இத்தகைய வட்டாரத்தில் வரிசையைத் தலைகீழாகத் தொடங்குவது பொருந்தும். முதலில் எல்லோருக்கும் கட்டாயமான, எளிய, கட்டணம் குறைந்த பதிவு. அதில் தீ, தண்ணீர், கழிவு, உணவு, ஓட்டுநர் உரிமம் ஆகிய ஐந்துக்கு மட்டும் குறைந்தபட்ச விதி. அதன் மேல் விரும்பியவர் பெறும் பசுமை இலை, வீட்டுத் தங்கல் பிரிவு போன்ற குறிகள். உபசரிப்பையும் ருசியையும் மதிப்பிடும் வேலையை விருந்தினரின் மதிப்புரைக்கு விட்டுவிடலாம். முதல் அடுக்கில் அரசு, இரண்டாவதில் தணிக்கையாளர், மூன்றாவதில் பயணி என்று ஒவ்வொருவரும் தம்மால் பார்க்க முடிந்ததை மட்டும் அளந்தால், எந்தக் குறியும் தன் தகுதிக்கு மீறிய வாக்குறுதி தராது.

இருநூறு ஆண்டுகளில் குறிகள் பெருகியிருக்கின்றன. ஆனால் ஒரு புதிய குறி பழைய குறியை அகற்றியது அரிது. நட்சத்திரம் கட்டடத்தையும், மதிப்புரை அனுபவத்தையும், இலை கண்ணுக்குத் தெரியாததையும் சொல்கின்றன. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துப் படிக்கும்போதே பயணி ஏமாறுகிறார். உரிமத்துக்கும் வரிச்சலுகைக்கும் தரக்குறியைக் கருவியாக்கும்போது அரசும் அதே தவறைச் செய்கிறது. தங்கப் போகும் இடத்தின் குறியைப் பார்ப்பவர் அது எத்தனை என்று எண்ணுவதோடு, அதைத் தந்தது யார், எதைப் பார்த்துத் தந்தார், எப்போது தந்தார் என்ற மூன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது.